உருகாத பூச்சு ஏன் உரிகிறது?

கேள்வி: சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருள் உருகுவதற்கு 2,700 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று படித்தேன். கேஸ் டர்பைன் பிளேடில் பூசி ஓட்டும்போது அதன் மேற்பரப்பு 1,200 டிகிரியை ஒட்டித்தான் இருக்குமாம். பிறகு ஏன் அது உரிந்து விழுகிறது? (திருச்சியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி)

பதில்: உருகுநிலையை விடுங்கள், இந்த விஷயத்தில் அதற்குப் பெரிய வேலை கிடையாது. பூச்சுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஓவர்ஹாலுக்குக் கழற்றிய பிளேடுகளைச் சோதிப்பதுதான் வெகுகாலம் என் பிழைப்பு. பெரும்பாலும் முன்விளிம்பில்தான் முதலில் பேரும். வெளிர்நிறப் பூச்சுக்கு நடுவே நகக்கண் அளவுக்குக் கருஞ்சாம்பல் திட்டு ஒன்று தெரிந்தால், சூப்பர்வைசர் முகம் மாறிவிடும்.

பிளேடு நிக்கல் கலவை உலோகம். அதன்மேல் நிக்கல், கோபால்ட், குரோமியம், அலுமினியம், கொஞ்சம் இட்ரியம் சேர்ந்த 'பாண்ட் கோட்', அதாவது மேல்பூச்சைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சு. அதற்கும் மேலேதான் கால் மில்லிமீட்டர் அளவில் சிர்கோனியா. இது வெப்பத்தை மறிக்கும், ஆக்ஸிஜனை மறிக்காது. கார் புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் வேலை செய்வதே சிர்கோனியாவின் இந்தக் குணத்தால்தான். உள்ளே இறங்கும் ஆக்ஸிஜன் பாண்ட் கோட்டிலுள்ள அலுமினியத்தோடு சேர்ந்து மெல்லிய அலுமினா ஏடாகப் படிகிறது. அந்த ஏடு நல்லதுதான், கீழேயுள்ள உலோகத்தைக் காப்பதே அது. தொல்லை என்னவென்றால், சூடு இருக்கும்வரை அது தடித்துக்கொண்டே போகும். 5 முதல் 10 மைக்ரானை எட்டினால் பூச்சின் ஆயுள் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பாருங்கள். உப்பு பூத்த சுவரில் காரை பேர்கிற மாதிரி, காரணம் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பாண்ட் கோட்டில் அலுமினியம் தீர்ந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். அலுமினாவுக்குப் பதிலாக நிக்கல், குரோமியம் ஆக்ஸைடுகள் கிளம்பும். அவற்றுக்குப் பிடிப்பு போதாது, சுலபமாக நொறுங்கும்.

சூட்டில் இவ்வளவு நடந்தாலும் உரிவது பெரும்பாலும் ஆறும்போதுதான். டர்பைனை நிறுத்தினால் நிக்கல் கலவை நன்றாகச் சுருங்கும், அலுமினா கிட்டத்தட்ட அதில் பாதிதான் சுருங்கும். அறை வெப்பநிலைக்கு வரும்போது அந்த ஏட்டுக்குள் 3 முதல் 4 கிகா பாஸ்கல் அமுக்கம் சேர்ந்திருக்கும். எங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே மேலே உப்பி எழும்பும். அதனால் மணிக்கணக்கை மட்டும் கேட்டு ஒரு பிளேடை எடைபோட மாட்டேன், எத்தனை முறை ஸ்டார்ட், ஸ்டாப் என்றும் கேட்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1,100 டிகிரி உலையில் பலமுறை போட்டெடுத்த சோதனை வில்லை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனோம். அப்போது பூச்சு முழுசாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பாதிப் பூச்சு செதிலாகப் பெயர்ந்து காகிதத்தில் கிடந்தது. யாரும் தொடவில்லை. காற்றிலுள்ள ஈரமே போதும், ஏற்கெனவே விறைத்து நிற்கும் பிடிப்பு விட்டுப்போகும். சந்தேகமிருந்தால் அப்படியொரு வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

சிர்கோனியாவும் முழுக்க நிரபராதி அல்ல. நாளாக நாளாக அதன் நுண்துளைகள் மூடிக்கொண்டு பூச்சு விறைப்பாகிறது, வெப்பத்தையும் கூடுதலாகக் கடத்துகிறது. 1970களில் நாசாவில் ஸ்டீபன் ஸ்டெகுரா பல விகிதங்களைச் சோதித்து, 6 முதல் 8 சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்ஸைடு) கலந்தால்தான் நெடுநாள் தாங்கும் என்று கண்டார். இன்றும் ஏறக்குறைய அதே கலவைதான். ஆனால் 1,200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் இட்ரியா ஒருபக்கம் கூடி, ஒருபக்கம் குறைகிறது. குறைந்த பகுதி ஆறும்போது படிக அமைப்பு மாறி, கன அளவில் 4 சதவீதம் போல் பெருத்து விரிசல் விடும்.

கேள்வி: உரிந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசினால் ஆகாதா? (அதே வாசகி)

பதில்: பெரும்பாலும் ஆகாது. சுற்றியுள்ள பூச்சுக்கு அடியிலும் அதே ஏடு அதே அளவு தடித்திருக்கும், அடுத்து உரிவது அதுதான். சிர்கோனியா முழுவதையும் எடுத்து, பாண்ட் கோட்டையும் அமிலத்தில் கரைத்து, மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் பிளேடின் உலோகமும் கொஞ்சம் போகும், உள்ளே காற்றோடும் குழிகளையொட்டிய சுவர் மெலியும். அதனால் பழைய பிளேடு வந்தால் நான் முதலில் கேட்பது இதற்குமுன் எத்தனை முறை உரித்தார்கள் என்ற பதிவேட்டைத்தான். பிளேடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.