பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகலாமா?

கேள்வி: எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. டவுனில் வளரும் பிள்ளைகளுக்கு மனநோய் இரண்டு மடங்கு வரும் என்று வெளிநாட்டிலிருக்கும் கொழுந்தனார் பயமுறுத்துகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை ஆச்சியிடமே விட்டுவிடலாமா?

பதில்: கொழுந்தனார் சொல்வது கட்டுக்கதை இல்லை. டென்மார்க்கில் 2001-இல் வந்த ஓர் ஆய்வில், பெருநகரத்தில் வளர்ந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) கிராமத்தில் வளர்ந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் இது நூறில் ஒருவருக்குக்கூட வராத நோய். இரண்டு மடங்கானாலும் பெரும்பாலான பிள்ளைகளை அது தொடாது.

அடுத்தது, டென்மார்க் கணக்கு நம் ஊருக்கு அப்படியே ஒத்துவருமா? இந்தியா உட்பட வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் 42-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை அலசிய ஆய்வு 2018-இல் வந்தது. அதில் நகரவாசிகளுக்குச் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நிலை, மனச்சிதைவும் இதில் ஒரு வகை) கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. (எங்கே வளர்ந்தார்கள் என்று அதில் பார்க்கவில்லை, எங்கே வசிக்கிறார்கள் என்றுதான் பார்த்தார்கள். அது ஒரு குறைதான்.) நம் கிராமத்திலும் கடன், மழை பொய்த்த வருஷம், சாதிச் சண்டை எல்லாம் மனதை அரிக்கத்தானே செய்கின்றன!

அதற்காக நகரம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெருநகரங்களில்தான் மனநலப் பிரச்சினைகள் கூடுதல். என் அனுபவத்தில் பிள்ளைகளை வதைப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். தென்காசிப் பக்கமிருந்து வந்த பையன் ஒருவன் வகுப்பில் "ஏல, இங்க வால" என்று கூப்பிட்டிருக்கிறான். மொத்த வகுப்பும் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பள்ளியில் வாயே திறக்கவில்லை. காலையானால் வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மூன்று மாதத்தில் சரியானான். மருந்தால் அல்ல, டீச்சர் அவனை ஊர்க்கதை சொல்லவைத்ததால்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரம்பரையாக மனச்சிதைவு நோய் உள்ள குடும்பமென்றால் மருத்துவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். மற்றபடி, எட்டு வயதில் அம்மா, அப்பா இருவரையும் ஒருசேரப் பிரிவதுதான் எனக்குப் பெரிய கவலை. கூட்டிக்கொண்டே போங்கள். வருஷ நடுவில் பள்ளி மாற்றாமல், ஜூனில் சேர்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மே மாத ராத்திரி பிள்ளை தூங்காது. தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். ஊர்க்காரர் ஒருவராவது கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருவாகப் பாருங்கள். கணவர் தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தால் அந்த எரிச்சல் பிள்ளைமேல்தான் இறங்கும். ஆச்சி லீவுக்கு வந்து ஒரு மாதம் இருக்கட்டும்.

முதல் சில வாரங்கள் அழுகை, அடம் இருக்கும். படுக்கையில் சிறுநீர் போவது, பேச்சு குறைவது, பள்ளிக்குப் போக மறுப்பது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம், அந்தப் பெயரைக் கேலிக்கு இழுப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.