வீட்டிலேயே மெயில் சர்வர் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்துக்குச் சொந்த டொமைன் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, பிராட்பேண்டும் நாள் முழுக்க ஓடுகிறது. அதிலேயே மெயில் சர்வர் போட்டால் மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டும் பணம் மிச்சமாகுமே?
- சிவகாசி வாசகர்

பதில்: கம்ப்யூட்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம், பத்துப் பேருக்கு மெயில் ஓட்ட அது தாராளம். இடிப்பது உங்கள் இணைப்புதான். வீட்டு, கடை பிராட்பேண்டில் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) அடிக்கடி மாறும். பல இடங்களில் அது உங்களுக்கென்று தனியாகவும் இருக்காது, தெருவில் பாதிப் பேரோடு ஒரே ஐபியைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு மெயில் சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலை ஒப்படைப்பது 25-ஆம் எண் போர்ட் என்ற வாசல் வழியாக, அதைப் பல இணைய நிறுவனங்கள் இந்த மாதிரி இணைப்புகளில் அடைத்தே வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும், குப்பை மெயில் வரும் இடங்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் என்ற பட்டியலில் வீட்டு இணைப்பு ஐபிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். நீங்கள் தப்பு செய்ததாக அர்த்தமில்லை, 'இங்கிருந்து நேராக மெயில் வரக்கூடாத இடம்' என்ற அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும் சர்வர்கள் உங்கள் மெயிலை வாசலிலேயே திருப்பிவிடும்.

அதனால் சின்னதாக ஒரு விபிஎஸ் (ஒரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் ஓடும் சர்வரில் உங்களுக்கென ஒரு பங்கு) வாடகைக்கு எடுங்கள். பணம் கட்டும் முன்பே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: வெளியே போகும் 25 போர்ட்டைத் திறந்து தருவார்களா, ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை (டிஎன்எஸ் என்பது பெயருக்கு ஐபி சொல்லும் இணைய விலாசப் புத்தகம், இது அதன் தலைகீழ்) நீங்களே அமைத்துக்கொள்ள முடியுமா. கூகுள் கிளவுடில் 25 பொதுவாக அடைப்புதான், அமேசானில் விண்ணப்பம் போட்டுத் திறக்க வேண்டும், ஹெட்ஸ்னரில் முதல் மாத பில்லைக் கட்டிய பிறகு கேட்கலாம். இதைக் கேட்காமல் சர்வரை எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்து, கடைசியில் ஒரு மெயில்கூட வெளியே போகவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய.

கேள்வி: எந்த மென்பொருளில் தொடங்குவது?
- மன்னார்குடி வாசகி

பதில்: மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்து உங்கள் போனுக்குத் தர டவ்காட், குப்பையை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. போஸ்ட்ஃபிக்ஸை ஐபிஎம்மில் இருந்தபோது வீட்சே வெனிமா எழுதி 1998-இல் வெளியிட்டார், இன்றும் அதுதான் என் முதல் தேர்வு. மெயில்கவ், மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்றவை இப்படிப்பட்ட பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே மூச்சில் நிறுவித் தரும். அவற்றில் தொடங்குவதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு தடவையாவது போஸ்ட்ஃபிக்ஸை வெறுங்கையால் அமைத்துப் பாருங்கள், அப்போதுதான் லாக்கில் (சர்வர் தானே எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பில்) ஒரு வரி வந்தால் அது யார் பேசுகிற வரி என்று புரியும்.

கேள்வி: எல்லாம் அமைத்துவிட்டேன். மெயில் வருகிறது. ஆனால் நான் ஜிமெயிலுக்கு அனுப்புவது எல்லாம் ஸ்பாமுக்குள் போய் விழுகிறது. எங்கே தப்பு?
- தேனி வாசகர்

பதில்: நீங்கள் மட்டுமில்லை, எல்லோருமே வந்து முட்டுகிற சுவர் இது. மெயில் வாங்குவது சுலபம், அனுப்புவதை மற்றவர்கள் நம்பும்படி செய்வதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபியின் விதிகளை 1982-இல் எழுதியபோது யார் பெயரைப் போட்டு யார் அனுப்பினாலும் போகும். தபால் உறையில் 'அனுப்புநர்' என்று எதை எழுதினாலும் தபால்காரர் கேட்க மாட்டார், அது மாதிரி. இன்று நாம் படுகிற பாடெல்லாம் அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்த ஒட்டுவேலைகள்தான்.

முதலில் ரிவர்ஸ் டிஎன்எஸ். உங்கள் ஐபியைக் கேட்டால் சர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும், போஸ்ட்ஃபிக்ஸ் தன்னை அறிமுகப்படுத்தும்போது சொல்கிற பெயரும் அதுவாகவே இருக்கட்டும். இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடாதீர்கள், விபிஎஸ் கொடுத்தவரின் பக்கத்தில்தான் இருக்கும். அப்புறம் எஸ்பிஎஃப், 'என் டொமைனின் மெயில் இந்த ஐபியிலிருந்து வரும்' என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது. டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடுகிற கையெழுத்து, அதைச் சரிபார்க்கும் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: டிஎன்எஸ் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் இடம், 2048 பிட் சாவி அதைவிட நீளம், ஆகவே மேற்கோள்குறி போட்டு இரண்டு துண்டாக எழுத வேண்டும். சில டொமைன் நிறுவனங்களின் பக்கம் அதைத் தானே பிரித்துக்கொள்ளும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். கடைசியில் டிமார்க், முன்னதில் எதுவும் சரியாக வராத மெயிலை என்ன செய்யலாம் என்று மற்ற சர்வர்களுக்கு நீங்கள் சொல்வது. முதல் சில வாரம் 'நன்' (none, ஒன்றும் செய்ய வேண்டாம்) என்று வைத்து அறிக்கைகளைப் பாருங்கள், பிறகு இறுக்குங்கள்.

பிப்ரவரி 2024 முதல் ஜிமெயில் இதையெல்லாம் கட்டாயமாக்கிவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்குத் தினம் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும், உங்களை மாதிரி சின்ன ஆளுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது வேண்டும், ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் சரியாக இருக்க வேண்டும். எது தவறுகிறது என்று ஊகிக்க வேண்டியதே இல்லை: ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள், மூன்றுக்கும் பாஸா ஃபெயிலா என்று தனித்தனியாகக் காட்டும். அதிலேயே ஐபியையும் பாருங்கள். நீங்கள் ஐபிவி4 என்ற பழைய வகை ஐபிக்கு எல்லாம் அமைத்திருப்பீர்கள், சர்வர் சொல்லாமல் ஐபிவி6 என்ற புதிய வகை வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். அப்படியானால் அதற்கும் ரிவர்ஸ் டிஎன்எஸ் வையுங்கள், இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் மட்டும் பேசச் சொல்லுங்கள்.

மூன்றும் பாஸ் ஆகியும் ஸ்பாம் என்றால் உங்கள் ஐபியின் பழைய கதை காரணமாக இருக்கலாம். வாடகை வீட்டுக்குக் குடிபோனதும் முன்பு இருந்தவரின் கடன்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்களே, அதேதான். எனக்கு முதலில் கிடைத்த ஐபியை யாரோ விளம்பர மெயிலுக்குப் பாழாக்கியிருந்தார்கள், ஒரு மாதம் ஒவ்வொரு இடமாக மன்னிப்பு விண்ணப்பம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் வேறு ஐபி வாங்கினேன். முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். பட்டியல்களில் சுத்தமாக இருக்கிற ஐபி கிடைத்த பிறகும் பொறுமையாகப் போங்கள், தெரிந்தவர்களுக்கு அனுப்பி, அவர்கள் பதில் போட்டு, மெல்ல மெல்லத்தான் பெயர் சேரும்.

கேள்வி: சர்வர் ஒரு நாள் நின்றுபோனால் அன்று வந்த மெயில் எல்லாம் தொலைந்துவிடுமா?
- யாழ்ப்பாண வாசகி

பதில்: தொலையாது. உங்கள் சர்வர் எடுக்கவில்லை என்றால் அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயலும். குறைந்தது நாலைந்து நாள் முயல வேண்டும் என்பது விதி, போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அளவே 5 நாள்தான். ராத்திரி பதறி எழ வேண்டாம். டிஸ்க் போய்விட்டால்தான் இழப்பு, அதனால் பேக்கப்பை வேறு நிறுவனத்தின் இடத்தில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஒரு பெட்டியை மீட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கணக்காளர் முகவரியிலிருந்து ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் மெயில் போயிருக்கிறது. என்ன செய்வது?
- கோவை வாசகர்

பதில்: உடனே போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள், பிறகு லாக்கைப் படியுங்கள். அந்த மெயில்களோடு கணக்காளரின் உள்நுழைவுப் பெயர் இருந்தால் அவர் பாஸ்வேர்ட் திருடு போயிருக்கிறது. பெயரே இல்லை என்றால் சர்வர் யாருக்கும் மெயில் கடத்தித் தருகிறபடி திறந்து கிடக்கலாம், அல்லது அதே மெஷினில் ஓடும் வெப்சைட்டின் தொடர்புப் படிவம் வழியாகப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது: ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை டவ்காட்டில் துண்டியுங்கள், கணக்காளரின் பெட்டியில் 'இந்த மெயிலை இங்கே அனுப்பு' என்று திருடர் ஏதாவது விதி எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடுங்கள். இதை மறந்தவர்களின் மெயில் மாதக்கணக்கில் வெளியே கசிந்திருக்கிறது. வரிசையில் மிச்சமிருப்பதை அழித்து, ஒரு பயனருக்கு மணிக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கறுப்புப் பட்டியல்களிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். ஓட்டையை அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுபடி பட்டியலில் ஏறுவீர்கள், அடுத்த முறை இறங்குவது கடினம்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பேசாமல் பெரிய நிறுவனத்திடமே இருந்துவிட்டால் என்ன?
- சென்னை வாசகி

பதில்: இருக்கலாம், அதில் குறைவில்லை. ஆனால் டொமைன் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஜிமெயிலோ ஜோகோவோ, யாரிடம் மெயில் வைத்தாலும் சொந்த டொமைன் இருந்தால் எம்எக்ஸ் பதிவை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் வரி) மாற்றி நாளைக்கே வேறு இடம் போகலாம், முகவரி மாறாது. நான் எட்டு வருடமாக எங்கள் வீட்டு ஆறு முகவரிகளைச் சொந்த சர்வரில் ஓட்டுவதற்குக் காரணம், என் அப்பாவின் கடிதங்கள் எந்த டிஸ்கில் இருக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். மாதம் இரண்டு மூன்று மணி நேரம் அப்டேட்டுக்கும் லாக்குக்கும் ஒதுக்க முடியும் என்றால் நீங்களும் வாருங்கள். முதல் ஆறு மாதம் வங்கி, ஆதார் சம்பந்தப்பட்ட எதையும் புது முகவரிக்கு மாற்றாதீர்கள். டொமைன் வாங்கிய கணக்குக்கு அதே டொமைனின் மெயிலை மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் உங்கள் சர்வர் படுத்திருக்கிற அந்த வாரத்திலேயே வரலாம்.