டூயி அட்டவணை மனப்பாடம், புத்தகம்தான் கைக்கு வரவில்லை

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். நூலகமும் என் பொறுப்பு. ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு லைப்ரரி பீரியட், 40 நிமிடம். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டூயி அட்டவணையை நான்காம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். 000 முதல் 900 வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஒரு புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொன்னால் முழிக்கிறார்கள். எடுத்ததைக் கண்ட இடத்தில் செருகிவிட்டுப் போகிறார்கள். எந்த வயதில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

பதில்: அட்டவணையைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிடுங்கள். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட அந்தப் பத்துப் பிரிவுகள், புத்தகங்களை வகைப்படுத்தி அடுக்குபவருக்கான கருவி. தேடி வருகிற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 500 என்றால் அறிவியல் என்று தெரிந்து பெரிய பயனில்லை. மனதில் எழுந்த கேள்வியிலிருந்து ஒரு குறிப்பிட்ட புத்தகத்தின் முதுகு வரை போய்ச் சேரும் வழி தெரிய வேண்டும். அந்த வழியில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கூடவே நடந்து பாருங்கள். பெரும்பாலும் கணக்கிலும் அகரவரிசையிலும்தான்.

முதலில் கணக்கு. யானைகளைப் பற்றிய புத்தகத்தின் எண் 599.67, குரங்கினங்களுக்கு 599.8. இதில் எது முன்னால் வரும் என்று கேளுங்கள். 67ஐவிட 8 சின்னது என்று பலர் குரங்கை முன்னால் வைப்பார்கள். அலமாரியில் யானைதான் முன்னால். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ‘அறுபத்தேழு’ என்று படிக்க விடாதீர்கள், ‘ஆறு, ஏழு’ என்று இலக்கம் இலக்கமாகப் படிக்கட்டும். இரண்டையும் புள்ளி நேராக வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, காலியிடத்தில் பூஜ்யம் போட்டு 599.80 என்று காட்டினால் விளங்கிவிடும். கணக்குப் பாடத்தில் தசமம் வருவதற்கு முன்னால் இதைத் தொட வேண்டாம். அதுவரை மூன்று இலக்க முழு எண் போதும். சொல்லப்போனால், சில நூறு புத்தகங்களே உள்ள நூலகத்தில் புள்ளிக்குப் பின்னால் நீளமாக எண் போடுவதே வீண் வேலை.

அகரவரிசைச் சிக்கல் வேறு வகை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் ம, வ இரண்டில் எது முன்னால் என்று கேட்டால், ‘க’விலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வரும். ஆகவே நடுவிலிருந்து கேட்டுப் பழக்குங்கள்: ‘ந’வுக்கு அடுத்தது என்ன, ‘ல’வுக்கு முந்தியது என்ன என்று. கதைப் புத்தகங்களை எழுத்தாளர் பெயர்ப்படி அடுக்கியிருந்தால், தலைப்பெழுத்தை வைத்தா, பெயரை வைத்தா என்பதை நீங்கள் முதலில் முடிவுசெய்து ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். அடுக்கியவரே குழம்பியிருந்தால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

இனி வயது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு எண்ணே வேண்டாம். தாளை மேல் மூலையில் பிடித்துப் புரட்டுவது, முதுகு வெளியே தெரிய வைப்பது, தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது, இவ்வளவே போதும். ஆளுக்கொரு நீள அட்டை கொடுங்கள். புத்தகத்தை உருவியதும் அந்த இடத்தில் அட்டையைச் செருக வேண்டும், பிடிக்கவில்லையென்றால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். உங்கள் இரண்டாவது தலைவலி இதிலேயே பாதி குறையும். தேர்ந்தெடுக்க ஐந்து விரல் முறை உண்டு: ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குவது, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். இதைச் சட்டமாக்க வேண்டாம். படம் பார்ப்பதற்காகவே தடித்த டைனோசர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளையைத் தடுத்து என்ன சாதிக்கப்போகிறோம்?

மூன்றாம் வகுப்பில் முன்பக்கப் பொருளடக்கமும் கடைசிப் பக்கங்களில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவும். கடைசியில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனென்றால் தேடுவதற்கான சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான திறன். ‘திமிங்கிலம் எப்படி மூச்சு விடும்?’ என்று கேட்கிற பிள்ளை முழுக் கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறது. அதிலிருந்து ‘திமிங்கிலம்’ என்ற சொல்லைப் பிரித்தெடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெரிய சொல்லுக்குப் போக வேண்டும்: பாலூட்டி, அல்லது கடல்வாழ் உயிரினம். கிடைத்தது ஏராளமாக இருந்தால் ‘நுரையீரல்’ என்று சிறிய சொல்லுக்கு இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கரும்பலகையில் வாரம் ஒரு கேள்வி வைத்துச் செய்யுங்கள். பின்னாளில் கணினிப் பட்டியலில் தேடும்போதும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும்.

எண்களை நான்கு, ஐந்தில் கொண்டுவாருங்கள், அதுவும் புதிராக. ஓநாய் 599இல் இருக்கிறது, வீட்டு நாய் 636இல். இரண்டும் நெருங்கிய சொந்தம், பிறகு ஏன் வேறு வேறு அலமாரி? மனிதர் வளர்க்கும் விலங்குகள் வேளாண்மையை ஒட்டிய பகுதிக்குப் போய்விடுகின்றன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாட்டுப்புறக் கதைகள் கதைப் பகுதியில் இல்லாமல் 398.2இல், சமூக அறிவியலுக்குள் உட்கார்ந்திருப்பதையும் காட்டுங்கள். வாதம் செய்வார்கள், செய்யட்டும்.

40 நிமிடத்தில் பாடம் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மிச்ச நேரம் தேடவும் படிக்கவும். எழுத்துத் தேர்வு வேண்டாம். கேள்வி எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து, விடை இருக்கும் பக்கத்தைத் திறந்து கொண்டுவரச் சொல்லுங்கள், யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

படித்து முடித்ததை மட்டும் பிள்ளைகளே அலமாரியில் வைக்க வேண்டாம். தவறான தட்டில் போன புத்தகம் தொலைந்ததற்குச் சமம். வாசலருகே ஒரு மேசை போட்டு அதில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் இருவர் இருவராக முறைவைத்து, அதை எண் வரிசையில் அடுக்கட்டும். முதல் சில வாரங்கள் புத்தகத்தைப் படுக்கவைத்தாற்போல் தட்டில் வைக்கச் சொல்லி, இடம் சரிதானா என்று பார்த்த பிறகு நீங்கள் நிமிர்த்தி வையுங்கள்.