கணினிக்குள் ஒரு இதயம்: நம் பக்கத்துக் கேள்விகள்

நான் கோட்டையூர்க்காரன். ரத்தம் குழாய்க்குள் எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் வேலை. காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தம்பி, சி.டி. ஆஞ்சியோவில் (இதயக் குழாய்களை ஸ்கேன் செய்யும் படம்) 60% அடைப்பு என்று வந்திருக்கிறது. கம்பி விட்டுப் பார்க்காமல் அந்தப் படத்தை வைத்தே கணினி சொல்லிவிடும் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். நம்பலாமா? (தேவகோட்டை ஆச்சி)

நம்பலாம் ஆச்சி, ஆனால் படம் நன்றாக இருக்க வேண்டும். அடைப்பு எத்தனை சதவீதம் என்பதைவிட, அதைத் தாண்டியபின் அழுத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே முக்கியம். அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை முன்னுள்ளதால் வகுத்து வரும் எண்ணை எஃப்.எஃப்.ஆர். என்பார்கள். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால், அந்த அடைப்பால் இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக இதை மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி அளப்பார்கள். சி.டி. படத்திலிருந்தே கணக்கிடும் முறைக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது.

இந்தக் கணக்குக்காக, திரையில் குழாயின் உள்சுவரை வெட்டு வெட்டாகக் கோடு போட்டுக்கொண்டே போவோம். கால்சியம் படிந்த இடம் வந்தால்தான் தகராறு. அது பளீர் வெள்ளையாக, உண்மை அளவைவிட விரிந்து தெரியும். சுவர் எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. கோடு ஒரு புள்ளி, அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், உள்ளே தள்ளிப் போனாலே மாத்திரை போதும் என்ற முடிவு ஸ்டென்ட் வேண்டும் என்று மாறிவிடலாம். அதனால் உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'படத்தில் கால்சியம் எவ்வளவு?' நிறைய இருந்தாலோ, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, கம்பியால் அளப்பதே மேல்.

அண்ணே, குழாய் பாதி அடைத்தால் பாதி ரத்தம்தானே போகும்? (புதுவயல், ரைஸ் மில் மெக்கானிக்)

இல்லை தம்பி. விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு ஏறும். ஆரத்தின் நான்காவது அடுக்கில் போகிற கணக்கு அது. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இதயத் தசைக்குள் இருக்கிற சின்னக் குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிடும். மூட்டை தூக்கும்போது அதற்குமேல் விரிய இடமில்லை, நெஞ்சு பிடிக்கும். இந்தச் சின்னக் குழாய்கள் சி.டி.யில் தெரியாது. அவற்றின் தடையை நாங்கள் அனுமானித்துத்தான் போடுகிறோம். ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் எந்தக் கணினி மாடலைப் பார்த்தாலும் நான் முதலில் தோண்டுவது இந்த அனுமானத்தைத்தான்.

சார், அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிறேன். நோயாளிகளின் தரவு கைவசம் இல்லை. எங்கே தொடங்குவது?

பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி டெனிஸ் நோபிள் 1960-இல் வெளியிட்ட இதயச் செல் மாடலை நீங்களே பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பாருங்கள், நாலைந்து சமன்பாடுகள்தான். அப்புறம் ஃபிசியோநெட் என்ற மருத்துவத் தரவுத் தளத்தில் எம்.ஐ.டி.-பி.ஐ.ஹெச். இ.சி.ஜி. தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும்: 47 பேரிடம் எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இதை வைத்துத் துடிப்புகளை இனம்பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், ஒரே ஆளின் துடிப்புகளைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலக்காதீர்கள். கலந்தால் 99% துல்லியம் என்று வரும், அதற்கு மதிப்பே இல்லை. ரத்த ஓட்டம் பிடிக்கும் என்றால் சிம்வாஸ்குலர் மென்பொருளும் இலவசம்தான்.

கையில் கட்டும் வாட்ச் ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்குமா? (பள்ளத்தூர்)

கண்டுபிடிக்காது. சில வாட்சுகள் துடிப்பின் தாளம் தப்புவதைப் பிடிக்கும், அவ்வளவுதான். நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு 44 வயது. அப்பச்சிக்கு ஐம்பதிலேயே அட்டாக் வந்தது. இணையத்தில் மாரடைப்பு வாய்ப்பைச் சொல்லும் ரிஸ்க் ஸ்கோர் போட்டேன், 'குறைவு' என்கிறது. சரிதானா? (கானாடுகாத்தான்)

அதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். இந்த மாதிரி ஸ்கோர்களில் ஒன்றான ஃப்ரேமிங்ஹாம் ஸ்கோர், 1948-இல் அமெரிக்காவில் அதே பெயருள்ள ஊரில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. அந்த ஊரில் பெரும்பாலும் வெள்ளையர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களின் சராசரி வயது 53; மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. நம் ஆட்களை அளக்காமல் உருவான மாடல் நம் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டால் ஆச்சரியமில்லை. அப்பச்சி விஷயத்தை மருத்துவரிடம் சொல்லி, கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் இதய ஆய்வுக்கு ஆள் கேட்டு யாராவது வந்தால், சம்மதப் படிவத்தை முழுக்கப் படித்து, உங்கள் தரவு யார் கைக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு, சேருங்கள்.