எல்லாக் கும்மும் பொன் இல்லை

தம்பி, வங்கியில் இப்கும், சுல்கும், வீட்டு ஒப்பந்தத்தில் போஜுங்கும், நாள்காட்டியில் கும்யோஇல் என்று கொரியாவில் எங்கே திரும்பினாலும் ‘கும்’ நிற்கிறதே, எல்லாம் ஒன்றுதானா, இதற்காகச் சீன எழுத்தும் படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் சொன்ன நாலிலும் இருப்பது ஒரே சீன எழுத்துதான்: 金, ‘பொன்’. மொத்தம் 8 கோடு. மேலே கூரை மாதிரி இரண்டு சாய்கோடு, உள்ளே மூன்று கிடைக்கோடு, நடுவில் ஒரு நேர்க்கோடு, அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. ஏறத்தாழ கி.பி. 100-இல் ஷு ஷென் தொகுத்த சீன அகராதி, அந்தப் புள்ளிகளை மண்ணுக்குள் கிடக்கும் பொன் என்கிறது. ‘கும்’ என்று சொல்லும்போது உதட்டைக் குவிக்காதீர்கள். ‘பாக்கு’ என்பதன் கடைசிக் ‘கு’ மாதிரி வர வேண்டும்.

பொருளும் நம் பொன் மாதிரிதான். தங்கமும் பொன், ஐம்பொன் என்றால் உலோகமும் பொன். இங்கே பணமும் அதற்குள் சேர்ந்துவிட்டது. இப்கும் கணக்கில் போடுவது, சுல்கும் எடுப்பது, சொங்கும் ஊருக்கு அனுப்புவது, பொல்கும் அபராதம், போஜுங்கும் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ். கும்யோஇல் நம் வெள்ளிக்கிழமை. அந்தக் கிழமைக்குரிய கிரகத்துக்கு நாம் வெள்ளி என்று பெயர் வைத்தோம், இவர்கள் ‘கும்சொங்’, பொன் விண்மீன், என்கிறார்கள். கிழமை மட்டும் ஒன்றுதான்!

சிக்கல் என்னவென்றால், இப்போது ஏறக்குறைய எல்லாவற்றையும் கொரியர்களின் சொந்த எழுத்தான ஹங்குலில்தான் எழுதுகிறார்கள். பின்னால் இருக்கும் சீன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. வந்த புதிதில் ஒரு கட்டடத்தில் ‘சுலிப்கும்ஜி’ என்று ஒரு பலகை. எழுத்துக்கூட்டினேன்: சுல், இப், கும். சரி, ஏடிஎம் அறை என்று கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே மின்சாரப் பெட்டிகள். பின்னாலிருந்து காவலாளியின் கத்தல். சுல் என்றால் வெளியே, இப் என்றால் உள்ளே, அதெல்லாம் சரி. கும்தான் வேறு: ‘தடை’ என்ற எழுத்து. பலகை சொன்னது ‘நுழையத் தடை’. புகைபிடிக்காதே என்னும் ‘கும்யொன்’னிலும் அதேதான். உப்புக்குச் சொல்லும் ‘சோகும்’ சுத்தக் கொரியச் சொல், சீன எழுத்தே கிடையாது.

அதனால் எழுதிப் பழக வேண்டாம். வங்கிச் சொல்லின் கடைசியில் கும் வந்தால் பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டிய பலகையில் வந்தால் கதவைத் தொடாதீர்கள்.

அப்புறம், அந்தப் பொன் எழுத்தே குடும்பப் பெயரிலும் சில ஊர்ப் பெயர்களிலும் ‘கிம்’ ஆகிவிடும். கிம்ப்போ விமான நிலையம் அப்படி வந்தது. ஐந்தில் ஒரு கொரியருக்குக் குடும்பப் பெயரே அதுதான். சோற்றைச் சுருட்டிச் செய்யும் கிம்பாப்பில் இருக்கும் கிம் மட்டும் வெறும் கடற்பாசி.