காடு வளர்ந்தா காணி காட்டுக்கோ?

கேள்வி: ஐயா, தொண்ணூறில வடக்கை விட்டுப் போன முஸ்லிம் ஆக்கள் புத்தளத்தில வீடு வாசல் எண்டு வசதியாத்தானே இருந்தவை. சண்டை முடிஞ்சாப் பிறகு வந்து வில்பத்துக் காட்டை வெட்டிக் காணி பிடிக்கினம். உங்கட பத்திரிகையில இதைப்பற்றி ஒரு வரியும் காணேல்லை, பயமோ?
(ஒரு வாசகர், வவுனியா)

பதில்: தம்பி, உங்கட முதல் வரியிலயே நிண்டிட்டன். "விட்டுப் போன" எண்டு எழுதியிருக்கிறியள். யாழ்ப்பாணத்தில 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி முஸ்லிம் ஆக்கள் இருந்த சோனகத் தெருப் பக்கத்துச் சனத்தைக் கூப்பிட்டு, ரெண்டு மணித்தியாலம் தந்து வெளிக்கிடச் சொன்னது புலிகள். வடக்கு முழுக்க எடுத்தா கிட்டத்தட்ட 75,000 பேர், நகை போச்சு, காசு போச்சு, சில பேருக்கு காணி உறுதியும் சோதனையில போச்சு. அது பிழை எண்டு 2002இல கிளிநொச்சிப் பிரஸ் மீட்டிங்கில புலிகளின்ரை அரசியல் ஆலோசகர் பாலசிங்கமே ஒத்துக்கொண்டிட்டார், நீங்கள் இன்னும் "போனவை" எண்டு நிக்கிறியள்.

வசதி எண்டு சொன்னியள். புத்தளம், கல்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டிலுக்குள்ள பிள்ளையளைப் பெத்து, அந்தப் பிள்ளையளுக்கும் பிள்ளை பிறக்கும் வரைக்கும் கிடந்த வசதி. 2009இல சண்டை முடிஞ்ச உடனை இவை "பழைய இடம்பெயர்ந்தோர்" ஆகிட்டினம், புதுசா இடம்பெயர்ந்த ஆக்களுக்குத்தான் முதல் உதவி எண்டு சொல்லி இவையை வரிசையில கடைசிக்குத் தள்ளிப்போட்டினம். கடைசிச் சண்டையில வன்னிச் சனம் பட்ட பாட்டுக்கு அந்த முன்னுரிமை நியாயம்தான், ஆனா வரிசை பிறகும் நகரேல்லை.

கொஞ்ச வருசத்துக்கு முந்தி மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் போனனான். எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர் கையில கத்தியோட முன்னுக்கு நடக்க நான் பின்னால, இடுப்பளவு பத்தை, ஈச்சை முள்ளு வேற, வேட்டியைக் கிழிச்சுப்போட்டுது. ஓரிடத்தில நிண்டு கத்தியால தட்டிக் காட்டினார், டங்கெண்டு சத்தம், பாத்தா சீமெந்துக் கிணத்துக்கட்டு, பக்கத்தில உடுப்புத் தோய்க்கிற கல்லு தேஞ்சு பள்ளமாக் கிடக்கு. "காட்டுக்குள்ள ஆரு தம்பி உடுப்புத் தோய்ச்சது?" எண்டு கேட்டிட்டுச் சிரிச்சார். அவற்றை வாப்பாவின்ரை பேரில அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பெர்மிட் காணி அது. கந்தோருக்குப் போனா ஒறிஜினல் கொண்டா எண்டினமாம், கந்தோர்ப் பிரதி எங்கை எண்டு கேட்டா சண்டையில எரிஞ்சு போச்சாம். அரசாங்கத்தின்ரை பேப்பர் எரிஞ்சா அது சண்டை, இந்த மனுசன்ரை பேப்பர் துலைஞ்சா அது கள்ளக்காணி!

இப்ப வில்பத்துக் கதைக்கு வாறன். வில்பத்து தேசியப் பூங்காவின்ரை வடக்கு எல்லை மோதரகம் ஆறு. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி எண்ட முஸ்லிம் ஊருகள் எல்லாம் ஆத்துக்கு இங்காலை, பூங்காவுக்கு வெளியில, மன்னார் மாவட்டம். சனம் இல்லாத இருவது வருசத்தில பத்தை மண்டினதை 2012இல கெசட் அடிச்சு ஒதுக்குக் காடு ஆக்கினது வன இலாகா. அது காணாதெண்டு 2017 மார்ச்சில அப்ப சனாதிபதியா இருந்த சிறிசேன ரஷ்யாவுக்குப் போன இடத்தில கையெழுத்து வச்சு 40,000 ஹெக்டேயருக்கு மேல "மாவில்லு" காடு எண்டு அறிவிச்சார். ஆளை அடிச்சுக் கலைக்கிறது ஒருத்தன், ஆளில்லாத இடத்தில வளர்ந்த மரத்தைக் காட்டி உன்ரை காணி இல்லை எண்டு சொல்லுறது இன்னொருத்தன்.

காடு வெட்டேல்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. மீள்குடியேத்தத்துக்கெண்டு கல்லாறு காட்டை வெட்டினதுக்கு முந்தி அமைச்சரா இருந்த ரிஷாட் பதியுதீன் தன்ரை செலவில மரம் நடவேணும் எண்டு 2020 நவம்பரில மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசியல்வாதி அதிலையும் வோட்டுத்தான் பாத்திருப்பார், அவரை நல்லாத் திட்டுங்கோ. ஆனா தொண்ணூறில ஒரு குடும்பமாப் போனது இப்ப நாலு குடும்பமா வந்து நிக்குது, நாலும் ஒரு வளவுக்குள்ள எப்பிடிப் படுக்கிறது எண்டும் சொல்லுங்கோ.

உறுதிக் காணி இருந்தவைக்கு வேற கரைச்சல். பத்து வருசம் ஒருத்தன் ஆண்டு அனுபவிச்சா அவனுக்குச் சொந்தம் எண்டது எங்கட சட்டம். துவக்குக்குப் பயந்து வரேலாமல் கிடந்த வருசத்தையும் கணக்கில சேர்த்தா எப்பிடி? அதுக்கெண்டு 2016இல 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது, நல்ல சட்டம், ஆனா ரெண்டு வருசத்துக்குள்ள வழக்குப் போடவேணும் எண்டிருந்தது, அந்தத் தவணையும் 2018இல முடிஞ்சிட்டுது. புத்தளத்தில கூலி வேலைக்குப் போறவன் மன்னாரில லோயர் பிடிச்சு, எதிராளியைத் தேடி, அவன் அனேகமா எங்கட தமிழ் ஆளாவும் இருப்பான், வழக்குப் போட்டு முடிக்கிறதோ?

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குத் தமிழ்ச் சனமும் அதே தொண்ணூறிலதான் ஊரை விட்டு எழும்பினது. 2017இல மயிலிட்டித் துறைமுகப் பக்கம் ஆமி விட்டபோது எங்கட ஆக்கள் பத்தைக்குள்ள பூந்து தங்கட கிணத்தைத் தேடினவை, ஆரும் காடழிக்கினம் எண்டு சொன்னதோ? மறிச்சுக்கட்டிக்குப் பக்கத்தில முள்ளிக்குளம், தமிழ்க் கத்தோலிக்க ஊர், நேவி பிடிச்சு வச்சிருந்தது. அதுக்கு நீங்களும் நானும் கொடி பிடிச்சம். பக்கத்து ஊருக்கு மட்டும் எங்களுக்குச் சுற்றாடல் பாசம் பொங்குது.

கடைசியாக் கேட்டியள், பயமோ எண்டு. எழுதேல்லை எண்டது உண்மை. மயிலிட்டிக்கு அட்டைப்படம் போட்டனாங்கள், மறிச்சுக்கட்டிக்கு ஒரு பெட்டிச்செய்தி கூடப் போடேல்லை, அந்தக் கிணத்துக்கட்டுப் படம் இன்னும் என்ரை ஃபோனுக்குள்ளதான் கிடக்கு.