வேலூர் நகரம் ஏன் கோட்டையைச் சுற்றி நெருக்கமாகவும், பிற திசைகளில் நீண்டும் கிடக்கிறது?

வடக்கே பாலாறும் கிழக்கே மலைகளும் ஊரை நெருக்குவது பாதிக் காரணம்; மீதிக் காரணம், 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியில் எழுந்த கருங்கல் கோட்டையும் அதைச் சுற்றிய அகழியும். அகழி தூர்க்கப்படாமல் நின்றதால், கடைத்தெருவும் குடியிருப்புகளும் கோட்டைக்கு வெளியிலேயே அடர்ந்தன. இன்றும் லாங் பஜாரில் ஒரு தள்ளுவண்டி நின்றாலே பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

உள்ளேயோ ஆட்சிக்கு ஆட்சி பயன்பாடு மாறியது. பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய அந்த வளாகத்தில் கோயிலும் மசூதியும் தேவாலயமும் சேர்ந்தே இருக்கின்றன. திப்புவின் குடும்பத்தினர் காவலில் வைக்கப்பட்டதும், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்ப் புரட்சி வெடித்ததும் இங்கேதான். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் வழிபாடே இல்லாதிருந்து, 1981இல்தான் சிவலிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் பாதை ஆற்றின் வடகரையில் அமைந்ததால் காட்பாடி தனி ஊராகவே வளர்ந்தது. ஆனால் இன்றைய நகர மையத்தைக் கோட்டையை விட அதிகமாக உருமாற்றியது, என் கருத்தில், 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கி வளர்ந்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைதான். அதன் எதிரே காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் பழைய வீட்டு மனைகளில் லாட்ஜுகள் எழுந்துவிட்டன. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வருபவர்களுக்காக, அவற்றின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும்.